ஸ்பிரிங் வைத்த ஹேங்கர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை என்பதால் நாலரை என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் செகந்திராபாத்தில் ஸ்பிரிங் வேண்டும் என்று எவராவது கேட்டால் என் ஷெட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். கடை ஷட்டருக்கு, கட்டிலுக்கு, ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு, ஆஸ்பத்திரிக் கதவுக்கு என்று நான் சுற்றாத ஸ்பிரிங் கிடையாது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து டிப்ளமா படித்தவர்கள் சைக்கிளில் வந்து, உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியவரே, இதே மாதிரி ஒண்ணு" என்று நின்றிருக்கிறார்கள். நான் ஸ்கேல் எடுக்க மாட்டேன். கட்டை விரலால் ஒரு அமுக்கு. எந்தக் கம்பி, எத்தனை சுற்று, எவ்வளவு சூடு என்று விரல் சொல்லிவிடும். பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த பெருமை, பெட்டியில் பூட்டி வைக்கவா முடியும்?

இந்தப் பெருமைதான் என் மகளின் கடையை மூட வைக்கப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் ஒரு ஸ்கூல் ஆபீஸில் பதினைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவள். ஒரு நாள் அதை விட்டுவிட்டு மாரெட்பள்ளியில் சின்னதாக ஒரு கடை பிடித்தாள். பிள்ளைகள் ஆண்டு விழாவில் போட்டுக்கொள்ளும் வேஷ டிரஸ்களை வாடகைக்கு விடும் கடை. மான், மயில், ராஜா, ராணி, போலீஸ்காரர், கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கு டிரஸ் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரே மான் டிரஸ் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் வேண்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேண்டும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஏழெட்டு சைஸ்.

தொல்லை அங்கேதான். சின்ன டிரஸ்ஸைப் பெரிய ஹேங்கரில் மாட்டினால் தோளில் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய டிரஸ்ஸைச் சின்ன ஹேங்கரில் மாட்டினால் வழுக்கித் தரையில் விழுந்து அழுக்காகும். மூன்று சைஸ் ஹேங்கர் வாங்கி வைத்தாள். விழா சீசனில் நாற்பது அம்மாக்கள் கடைக்குள் நிற்கும்போது யார் சைஸ் பார்த்து மாட்டுவது? கைக்கு எது வந்ததோ அது.

முதல் வருஷம் பெரிய ஸ்கூல் ஒன்று அவளிடம் டிரஸ் எடுத்தது. அந்த ஸ்கூல் டான்ஸ் டீச்சர் ஒரு தெலுங்குக்கார அம்மா. கண்டிப்பானவர். தமிழ் நன்றாகவே பேசுவார். விழா முடிந்ததும் கடைக்கு வந்து ஒரு மான் டிரஸ்ஸைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏமண்டி, மானுக்குக் கொம்பு தலையில இருக்கணும். உங்க மானுக்குத் தோள்ல இருக்கு."

மகள் சிரிக்கவில்லை. டீச்சர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன். அதோட சரி."

அந்த ஸ்கூல் போனால் அக்கம்பக்கத்து ஸ்கூல்கள் எல்லாம் போய்விடும். எல்லாரும் அந்த அம்மாவைக் கேட்டுத்தான் டிரஸ் எடுப்பார்கள். போனால் கடையை மூடிவிட்டுப் பழைய ஆபீஸிலேயே போய் நிற்க வேண்டும், தன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சமையலறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது பழுதில்லை.

உள்ளே போய் நின்றேன். "ஒரே ஹேங்கர். எல்லா சைஸும் அதுலயே. நான் பண்றேன்."

"டாடி, அதெல்லாம் ஆன்லைன்லயே இருக்கு. பிளாஸ்டிக்ல, இழுத்தா நீளும்." ஒன்றை வாங்கியும் வைத்திருந்தாள். கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பல் பல்லாக வெட்டி, இழுத்தால் கிளிக், தள்ளினால் கிளிக்.

"இதை நீட்ட ரெண்டு கை வேணும். டிரஸ்ஸைப் பிடிக்க மூணாவது கை எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். அவள் இழுத்துக் காட்டினாள். இரண்டாவது இழுப்பில் பல்லும் உடைந்தது. என் வேலைக்கு அன்றே பாதி வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷெட்டில் தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். எனக்குப் பேப்பரில் வரைய வராது. தரையில் போட்டால்தான் அளவு கண்ணுக்குப் பிடிபடும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குழாய். குழாயின் இரண்டு முனையிலும் ஒரு கம்பிக் கை. உள்ளே, இரண்டு கைக்கும் நடுவில், என் ஸ்பிரிங். இரண்டு கையையும் ஒரே பிடியில் உள்ளே அமுக்கு, டிரஸ்ஸுக்குள் விடு, கையை எடு. ஸ்பிரிங் தானாகத் தள்ளித் தோள் முனை வரைக்கும் போய் நிற்கும். எல்.கே.ஜி. மானா, பத்தாம் வகுப்பு மானா, அதற்குக் கவலையே இல்லை. அளவு பார்க்கிற வேலையை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும்.

இதை எவனும் செய்ததில்லை என்று அன்றைக்கும் சொன்னேன். செய்யாததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.

என் ஷெட்டில் முப்பது வருஷமாக டிரில் மெஷின் பிடிக்கிற பாய் ஒருவர் உண்டு. என்னைவிட நாலு வயது சின்னவர், நாக்கு மட்டும் பெரியது. அவர் தமிழில் பாதி உருது இருக்கும்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார். முதல் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உஸ்தாத், கைக்கு இவ்ளோ ஜோரு? துணி மாட்றதுக்கா, ஷட்டர் தூக்றதுக்கா?"

"தளர்ந்த ஸ்பிரிங் என் ஷெட்டைத் தாண்டிப் போனது கிடையாது, பாய்."

"அது தெரியும். துணிக்குத் தெரியுமா?"

"நீ ஓட்டை போடு" என்றேன். போட்டார்.

ஒரு மாதத்தில் கடைக்கு வேண்டிய அத்தனையும் செய்து முடித்தோம். கொண்டுபோய் மாட்டிய அன்று மகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்கு, விடு, டப். அமுக்கு, விடு, டப். கொம்பு இல்லை, வழுக்கல் இல்லை, ஒவ்வொரு டிரஸ்ஸும் உள்ளே ஒரு பிள்ளை நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றது. "டாடி, சூப்பர் டாடி" என்றாள். வந்த அம்மாக்களுக்கெல்லாம் நானே அமுக்கிக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்து மருந்துக் கடைக்காரர் வந்து பார்த்தார். டான்ஸ் டீச்சரும் வந்தார். ஒன்றை அமுக்கிப் பார்த்தார், இன்னொன்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு ஆண்டு விழாவுக்கு மொத்த டிரஸ்ஸையும் இங்கேயே சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் பேசிய பேச்சை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

மூன்று வாரம் அந்த டிரஸ்கள் அப்படியே தொங்கின. வெயில் காலம் வேறு. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்றாம் வகுப்பு மான்களை அளவு பார்க்கக் கடைக்கு அழைத்து வந்தார்கள். முதல் பாப்பா போட்டதும் டிரஸ் தோளை விட்டு இறங்கி முழங்கையில் வந்து நின்றது. இரண்டாவது பாப்பாவுக்கும் அப்படியே. மகள் ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு வந்தாள், ஒரு டிரஸ்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு.

"டாடி, எல்லாம் லூஸா போச்சு."

"யார் தைச்சது இதை?"

"போன வருஷம் இதே டிரஸ், இதே கிளாஸ் பிள்ளைங்களுக்கு, கரெக்டா இருந்திச்சு."

"அப்ப பாப்பா இளைச்சிருக்கும். இப்ப பிள்ளைங்க எங்க சாப்பிடுது?"

"பன்னெண்டு பாப்பாவும் ஒண்ணா இளைச்சிடுச்சா டாடி?"

பாய் டிரில் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நான் விடவில்லை. துணி மட்டம் என்றேன். சாயம் மட்டம் என்றேன். அவளோடு ஆட்டோவில் கடைக்குப் போகும் வழியெல்லாம் தையல்காரரைத் திட்டிக்கொண்டே போனேன். கடையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்; மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள், விஷயம் கேள்விப்பட்டு அங்கேயே இருந்துவிட்டாள். ஆற்காடு பக்கத்துக்காரி, அதிகம் பேச மாட்டாள். தையல் தெரிந்தவள். வால் பிய்ந்ததால் மாட்டாமல் மூட்டையிலேயே கிடந்த ஒரு மான் டிரஸ்ஸைத் தேடி எடுத்தாள். அதன் மேல், ஹேங்கரில் தொங்கிய அதே சைஸ் மான் டிரஸ்ஸை விரித்தாள். ஒவ்வொரு தோளிலும் இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது.

"துணியில தப்பு இல்ல. தையல்லயும் இல்ல. உங்க ஸ்பிரிங் தள்ளிகினே கீது."

"என் ஸ்பிரிங் தப்பு பண்ணாதும்மே."

"அது தப்பு பண்ணல. நீங்க தள்ளுன்னு சொன்னீங்க, தள்ளுது. மூணு வாரம் நிக்காம தள்ளுனா துணி இன்னாங்க பண்ணும், பாவம்?"

நான் அந்த ஹேங்கரை வாங்கி அமுக்கிப் பார்த்தேன். முதல் நாள் இருந்த அதே பலம். ஒரு நூல்கூடத் தளரவில்லை. முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மார்தட்டிய குணம் அதுதான். ஷட்டர் இரும்பு, கட்டில் இரும்பு, அவை தாங்கும். பளபளப்பாக இருக்கும் அந்த இழுபடும் துணி எப்படித் தாங்கும்? பாய் அன்றைக்கே கேட்டார்.

அப்படி நாங்கள் மூன்று பேரும் நிற்கும்போதே டான்ஸ் டீச்சர் உள்ளே வந்தார். பிள்ளைகள் போய்ச் சொல்லிவிட்டார்கள் போலும். ஒரு டிரஸ்ஸை எடுத்து நீட்டிப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"டெய்லரை மாத்திட்டீங்களா?"

மகள் தன் கையிலிருந்த டிரஸ்ஸைப் பார்த்தாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் நான். ஆமாம் என்றால் பொய். தலையைக் குனிந்துகொண்டு மானின் வாலைத் தடவிக்கொண்டிருந்தாள். கடை போனாலும் பரவாயில்லை, அப்பனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நிற்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என் வயதில் இந்த மாதிரி ஒரு காட்சியைப் பார்க்க நேரக் கூடாது.

"டெய்லர் மேல தப்பு இல்லம்மா. நான்தான். ஹேங்கர்ல நான் வச்ச ஸ்பிரிங் துணியை இழுத்துடுச்சு. என் ஸ்பிரிங் தளரவே தளராது, அதான் கேடு."

"தளராதுன்னு இப்பவும் பெருமையா சொல்றீங்களே" என்றார் டீச்சர்.

"உண்மையைத்தானே சொல்லணும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அடக்கினாரா, கோபமா, சொல்லத் தெரியவில்லை. "பத்து நாள்" என்றார். "டிரஸ் சரியான அளவுல, கொம்பு இல்லாம, ஒவ்வொண்ணும் தனியா தொங்கிக்கிட்டு மேடைக்குப் பின்னால வரணும். மூட்டையா வந்தா எடுக்க மாட்டேன்."

என் மனைவி அன்று மத்தியானமே ஊசி எடுத்தாள். ஒவ்வொரு தோளிலும் உள்பக்கம் ஒரு மடிப்பு, வெளியே தெரியாத தையல். மகளும் கூடவே உட்கார்ந்தாள். நான் அத்தனை ஹேங்கரையும் பிரித்து ஸ்பிரிங்கை உருவினேன். உருவினால் கம்பிக் கைகள் குழாய்க்குள் லொடலொட என்று ஆடின. தள்ளவும் கூடாது, ஆடவும் கூடாது. விட்ட இடத்தில் நிற்க வேண்டும். பல் வெட்டலாம் என்றால் அந்தப் பிளாஸ்டிக் கதைதான். திருகு வைக்கலாம் என்றால் நாற்பது அம்மாக்கள் நிற்கும்போது யார் திருகுவது? மூன்று நாள் தரையில் சாக்பீஸால் போட்டுப் போட்டு அழித்தேன். பாய் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நாலாவது நாள் மகள் ஷெட்டுக்கு வந்தாள். தோள் பையைச் சுவர் ஆணியில் மாட்டினாள். வார் நீளமாக இருந்ததால் பை தரையைத் தொட்டது. அவள் பையை ஒரு கையால் தூக்கி, வாரில் இருக்கிற அந்தச் சின்ன வளையத்தை மேலே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போனது. பையை விட்டாள். அப்படியே நின்றது. உள்ளே டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, எல்லாம் இருக்கிற கனமான பை.

"இன்னொரு தடவை பண்ணும்மா."

"என்னா டாடி?"

"பையைத் தூக்கி வாரைத் தள்ளு. விடு."

செய்தாள். தூக்கினால் ஓடுகிறது. தொங்கினால் பிடிக்கிறது. பையின் கனமே பூட்டு. ஆயிரம் தடவை பார்த்த சாமான்தான். ஸ்பிரிங் இருந்தால் கவனித்திருப்பேன். அதில் ஸ்பிரிங் இல்லை.

குழாயை ஒதுக்கினேன். ஒரு தகட்டை இரண்டு பக்கமும் மடித்து, இரண்டு மடிப்பிலும் ஓட்டை போடச் சொன்னேன். மேலே கொக்கி. இரண்டு கம்பிக் கையும் அந்த ஓட்டைகள் வழியாக ஒன்றை ஒன்று உரசாமல் போகும். ஓட்டை கம்பியைவிட ஒரு மயிரிழை பெரிது. கையைச் சமமாகத் தூக்கிப் பிடித்தால் கம்பி ஓடும். டிரஸ்ஸின் பாரம் விழுந்ததும் வெளி முனை கீழே சாயும், உள் முனை மேலே முட்டும், கம்பி ஓட்டையின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். கனமான டிரஸ் என்றால் கடியும் பலம். தோள் சரிவும் தானாக வந்துவிட்டது. நேர் குச்சியில் மாட்டிய மாதிரி இல்லாமல் மனுஷத் தோள் மாதிரி.

சொல்ல எளிது. முதல் ஓட்டை இறுக்கம், கம்பி நகரவில்லை. இரண்டாவது பெரிசு, இரண்டு கையும் மடக்கிய குடை மாதிரி கீழே தொங்கின. பாய் மூன்றாவதைப் போட்டார். அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்தேன். அதில் என் வேலைக் கோட்டை மாட்டினேன், நின்றது. ஈரச் சாக்கை மாட்டினேன், நின்றது. பாய் தன் டிபன் கேரியரைக் கொண்டுவந்து கையின் முனையில் மாட்டினார். நின்றது.

"அப் டீக் ஹை, உஸ்தாத்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த நாலைந்து பாராட்டில் அது ஒன்று.

கடையில் மனைவி ஒரு விதி மட்டும் சேர்த்தாள். கையின் முனை தோள் தையலைத் தொடக் கூடாது, ஒரு விரல் உள்ளேயே நிற்க வேண்டும். "துணிக்கு மூச்சு விட இடம் வேணும்ங்க" என்றாள். மகள் அதை ஒரு அட்டையில் மூன்று பாஷையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

விழா அன்று வேனுக்குள் ஒரு குழாய் கட்டி அத்தனை டிரஸ்ஸையும் தொங்கவிட்டே கொண்டுபோனோம். மேடைக்குப் பின்னால் டீச்சர் வரிசையாக ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனார். ஒரு மானை இறக்கினார். ஒரு பாப்பாவுக்குப் போட்டார். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்தது. அடுத்தது. மகள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள் என்பது அவள் விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் கடைசி மானையும் இறக்கிக் கொடுத்தார். திரும்பிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லிக் கைதட்டினார். பாட்டு போட்டார்கள். மான்கள் ஓடின.

பழைய ஸ்பிரிங் ஹேங்கரில் ஒன்றை மட்டும் நான் பிரிக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தைத்த என் கோட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுவது, நாலு வருஷமாகத் தோளில் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பு போட்டுவிட்டது. பாய்தான் யோசனை சொன்னார்: "அந்த ஷட்டர் ஹேங்கர்ல உங்க கோட்டை மாட்டுங்க உஸ்தாத்." ஒரு மாதம் மாட்டினேன். இப்போது வசதியாக இருக்கிறது. "ஒரு வேலைக்காவது ஆச்சு" என்றாள் மனைவி. நான் வைத்த ஸ்பிரிங் ஒன்றும் வீண் போகவில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

விழா முடிந்த நாலாம் நாள் மகள் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"டாடி, டிரஸ் எல்லாம் திரும்பி வந்திச்சு. ஹேங்கர் ஒண்ணுகூட வரல. மூட்டையா கட்டி அனுப்பிட்டாங்க."

"டீச்சரைக் கேட்டியா?"

"கேட்டேன். ஸ்கூல்ல பேண்டு வாசிக்கிற பிள்ளைங்க கோட்டெல்லாம் அதுல மாட்டிட்டாங்களாம். அடுத்த வருஷம் டிரஸ் எடுக்க வரும்போது பார்த்துக்கலாம்னு சொல்றாங்க." மறுபடியும் சொன்னாள். "அடுத்த வருஷம்னு சொன்னாங்க டாடி."

"கேட்டுச்சு" என்றேன்.

"என்னா கேட்டுச்சு? இப்ப நான் எதுல மாட்றது இவ்ளோ டிரஸ்ஸையும்?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

போனை வைத்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டேன். தகடு வெட்டச் சொன்னேன், முன்பு செய்ததைவிட அதிகமாக. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரில்லைத் துடைத்தார்.

"ஸ்பிரிங்?" என்று கேட்டார், முகத்தை ஒன்றும் தெரியாதவர் மாதிரி வைத்துக்கொண்டு.

"நக்கோ" என்றேன்.